தறியிறை

முதுகலை இரண்டாம் ஆண்டு, இடைக்காலத் தொல்லியல்.
களப்பணிக்குச் சீட்டுக் குலுக்கியதில்
ஒருத்திக்குத் தாராபுரம், ஒருவனுக்கு மலையடிவாரம்.
எனக்கு விழுந்தது
ஆவாரங்காட்டுப்புதூர்ச் சிவன் கோயில், தென்புறக் குமுதம்.
எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்.
"ஊரூராப் போய்ப் படிக்கிற படிப்புன்னு சொன்னே"
என்றார் அப்பா.

சுண்ணாம்பு மட்டும் ஏழு பூச்சு.
அதன்மேல் விளக்கெண்ணெய்ப் பிசுக்கு,
யாரோ ஒரு தேர்வெழுதப் போனவனின் பதிவெண் கரியில்.
தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக்
கல் தன் நிறத்துக்கு வர
இரண்டு காலை போயிற்று.

நனைத்த தாளை ஒட்டித் தூரிகையால் தட்டும்போது
தாள் எழுத்துக்குள் இறங்குவது
கண்ணுக்குத் தெரியாது,
கைக்குத் தெரியும்.
அப்புறம் மை.
வேம்படியில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்
கையில் இருந்த சீட்டைக் கவிழ்த்துவிட்டு வந்தார்.
"பொதையல் எந்தப் பக்கம்னு போட்டிருக்குதுங்களா?"
வரிப் பாக்கி போட்டிருக்குதுங்க, என்றேன்.
வந்த வேகத்தில் திரும்பிப் போனார்.

மன்னன் பெயர் இல்லை.
மெய்க்கீர்த்தி இருந்த கல்
எந்த வீட்டுக்குப் படியாய்க் கிடக்கிறதோ.
எழுத்தமைதி பதின்மூன்றாம் நூற்றாண்டு.
கறுப்பில் வெள்ளையாய் வந்தது இவ்வளவே:
இவ்வூர்த் தறி ஒன்றுக்கு ஆட்டைக்கு இறுக்கும் தறியிறை

அதற்குமேல் டைல்ஸ்.
சந்தன நிறம், வழுவழு,
போன கும்பாபிஷேகத்துக்கு ஒட்டியது.

எட்டுத் தறி ஓடும் சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு.
அன்பாகப் பேசினாலும் கத்தித்தான் பேசுவோம்.
ராத்திரி மைப்படியை விரித்து
எழுத்தெழுத்தாய்ப் பெயர்த்து எழுதிக்கொண்டிருந்தேன்.
புருவத்தில் பஞ்சோடு வந்து நின்றார்.
"அப்பவும் தறிக்குத்தான் போட்டானா!"
ஆமாப்பா.
"எவ்வளவாம்?"
தெரியல.
"குத்துமதிப்பா சொல்லு கண்ணு.
அவனுக்குக் கட்டுபடியாச்சா இல்லையான்னு
நான் சொல்லிருவேன்."

அவர் சொல்லிவிடுவார்தான்.
பாவு, நாடா, கரண்டு பில், கூலி,
ஓட்டை பழுதுக்குப் பிடித்தம் என்று
விரலை மடக்கினாரென்றால்
எந்த நூற்றாண்டும் அவருக்குக் கணக்குதான்.
ஆனால் போன அத்தியாயத்தின் ஓரத்தில்
பேராசிரியர் அங்கயற்கண்ணி சிவப்பில் எழுதியிருந்தார்,
'ஊகம் வேண்டாம்.'

அந்தக் கல்லில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது.
வைக்கிற வழக்கமில்லை அன்றைக்கு.
நான் வைக்கிறேன்,
மறைந்த எழுத்துக்கு ஒன்று வீதம்
தறியிறைக்குப் பின்னால்
அளந்த இடத்துக்கு ஒன்பது புள்ளி.
பணமா, அச்சா, அரையா, காலா,
ஒன்பது புள்ளிக்குள் அடங்குகிற ஏதோ ஒன்று.

அந்நேரம் பார்த்துக் கரண்டு போனது.
எட்டும் நின்றன.
அத்தனை அமைதியில்
அப்பா மெதுவாகப் பேசுவதை முதன்முதலாகக் கேட்டேன்.
"தெக்குப் பக்கம்னா சொன்னே?
மூணாவது கட்டமா?
அது நம்ம டைல்ஸுதான்."

மறுநாள் போய்ப் பார்த்தேன்.
இருபது நாளாய்க் கண்முன்னே இருந்தது.
தொல்லியல் படிக்கிறவள் எவளும்
பளபளக்கிற எழுத்தைப் படிப்பதில்லை.
உபயம்: ந. சென்னியப்பன் – நாச்சம்மாள், ரூ. 3001.

"ஞாயித்துக்கெழமை உளி கொண்டாந்து
பேத்துரட்டுமா?" என்றார்.
வேண்டாம், அறநிலையத்துறைக்கு எழுதியிருக்கிறேன், என்றேன்.
எழுதியிருந்தேன்.
பதில் வருவதற்குள் எனக்குப் பட்டம் வந்துவிடும்.

மூவாயிரத்து ஒன்று
அந்த வருடம் எந்தச் செலவை ஒதுக்கிவிட்டுக் கொடுத்தது என்று
கேட்கலாம், இன்னும் கேட்கவில்லை.
பதிவுத்தாளில் இன்னொரு படிவம் எடுத்துப் போட்டேன்.

இடம்: தென்புறக் குமுதத்தின் மேல்.
பொருள்: கொடை. கொடுத்தவர்: தறிகாரர்.
தொகை: முழுமையாக உள்ளது.
புள்ளி: உண்டு.
சேதம்: இல்லை.
பதிவு செய்தவர்: செ. தாரகை.